ஐந்நூறாவது அடி

மின்விசிறியின் ஒயரை இழுத்துக்கொண்டு வந்து, மேஜைக்கு அடியில் சுவரில் செருகியிருந்த பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினான் செங்கோடன்.

"அதைப் புடுங்காதீங்க."

கை அப்படியே நின்றது. சொன்னது அவன் நங்கை சௌந்திரம், அண்ணன் மனைவி. அண்ணன் மூச்சு நின்று ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான். வந்த பெண்களெல்லாம் அவள் தோளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது ஓய்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் அண்ணனின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்தபடி, எங்கோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"ஈ மொய்க்குதுங்க நங்கை. பேன் போடோணும்" என்றான் செங்கோடன்.

"சமையல்கட்டுல இருந்து ஒயரு இழுத்துக்கங்க. அது ஓடட்டும்."

செங்கோடன் சமையல்கட்டிலிருந்து நீள ஒயர் இழுத்து, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு தரையில் மண்டியிட்டு விசிறியை மாட்டினான். அந்த வேட்டி நாமகிரிப்பேட்டையில் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்காகக் காலையில் கட்டியது. அவனும் அவன் மனைவி பூவாத்தாளும் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் ராசிபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாயிற்று. டிரைவர் ஏறி ஹாரன் அடித்த நேரத்தில், பக்கத்துத் தோட்டத்துப் பொன்னன் மொபெட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஜன்னலோரம் ஓடிவந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே செங்கோடனுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் எங்காவது உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் தோன்றியது. இரண்டு வருஷமாக ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அண்ணனைத் தாங்கித் தாங்கி, இரண்டு பேர் பங்குக் காட்டுக்கும் ஒருவனே தண்ணீர் கட்டி, அவன் அவ்வளவு களைத்திருந்தான்.

மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் எழுந்தான். எழும்போது மேஜைக்கு அடியில் இருந்த அடாப்டரில் கை பட்டது. சுட்டது. அப்படியானால் அந்தப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துச் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, மேலே முழுக்க எழுத்துப் பொத்தான்களோடு, கறுப்பாக இருந்தது அந்தப் பெட்டி. கம்ப்யூட்டர். எண்பத்தேழாம் வருஷத்தில் அந்த வட்டாரத் தோட்டங்களில் அப்படி ஒரு சாமான் வேறு எங்கும் கிடையாது. பள்ளிபாளையத்தில் அண்ணனோடு மில்லில் வேலை பார்த்த ஒருவருக்கு, அவர் மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. படுத்திருக்கிற மனுஷனுக்குப் பொழுது போகட்டும் என்று இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் தண்டாயுதபாணி பதினெட்டு வருஷம் மில்லில் எலக்ட்ரீஷியன். நாற்பத்திரண்டு வயதில் இருதயத்தில் வால்வு கசிகிறது என்றார்கள். படி ஏறக்கூடாது, பளு தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது. மில்லை விட்டுத் தோட்டத்துக்கு வந்து கட்டிலில் விழுந்தார். பெட்டி வந்த பிறகுதான் மறுபடி எழுந்து உட்கார்ந்தார். அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தார். மூன்று மாதத்தில் சொந்தமாக ஒரு விளையாட்டே எழுதிவிட்டார். பத்தாவது வரை படித்த சௌந்திரம் காகிதத்தைப் பார்த்து வரி வரியாகப் படிக்க, அவர் ஒற்றை விரலால் தட்டுவார். ஒரு புள்ளி விட்டால் எல்லாம் போச்சு என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வது வாசல் வரை கேட்கும். பிள்ளையில்லாத வீட்டில் அதுவே ஒரு சத்தம்.

விளையாட்டு என்ன? போர்வெல் ரிக். திருச்செங்கோட்டுக்காரன் எழுதினால் வேறு எதை எழுதுவான்? டி.வி. திரையில் வெள்ளைக் கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கும். அதுதான் ராடு. பக்கவாட்டிலிருந்து பாறைகள் வரும். பொத்தானைத் தட்டி ராடை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தித் தப்பிக்க வேண்டும். மூலையில் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று ஓடிக்கொண்டிருக்கும். ஐந்நூறாவது அடியில் தண்ணீர்.

அந்தத் தண்ணீரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. எழுதியவரே பார்த்ததில்லை. எண்பது அடி, இருநூற்றுப் பத்து அடி என்று நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று திரை ஒரு துள்ளு துள்ளும், ராடு பாறை எல்லாம் மாயமாகிவிடும். பெட்டி, இன்றைக்குத்தான் பிறந்ததுபோல எதுவும் தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கும். மறுபடி, விளையாட்டைப் பதிந்து வைத்த கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டு, 'கீ' என்று அது கத்துவதை ஐந்து நிமிஷம் பொறுத்து, முதல் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அண்ணன் விடவில்லை. சூடாகிறது என்று பக்கத்தில் விசிறி வைத்தார். கேசட் தேய்ந்துவிட்டது என்று வேறு கேசட்டில் ஏற்றினார். அடாப்டரை மாற்றினார். பொன்னன் வீட்டு டி.வி.யைத் தூக்கிவரச் சொல்லி மாட்டிப் பார்த்தார். நானூற்றுச் சொச்சம் வரியையும் மறுபடி முதலிலிருந்து தட்டினார். தாய்மாமன் கந்தப்பன் ஒருநாள் வந்திருந்தவர், இது கண்ணேறு, எலுமிச்சம்பழம் கட்டு என்றார். மாமன் மனம் நோகக்கூடாதென்று அதையும் கட்டினார். நூற்றுத் தொண்ணூறு அடியில் நின்றது. மாமன் பழத்தை முகர்ந்து பார்த்து, பழம் அழுகல் என்று சொல்லிவிட்டார்.

அந்த மாமன்தான் இப்போது வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து காரியங்களை நடத்திக்கொண்டிருந்தார். பச்சை மூங்கிலுக்கு ஒருவன், பந்தலுக்கு ஒருவன் என்று ஆள் அனுப்பினார். ஒரு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். செங்கோடனைக் கூப்பிட்டு, மில்காரர்களுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார். செங்கோடனுக்கு அவர்கள் விலாசம் தெரியாது. உள்ளே போய் நங்கையிடம் கேட்டான். அவள் மேஜையைக் கண்ணால் காட்டினாள். பெட்டிக்குப் பக்கத்தில் நீல அட்டை நோட்டு ஒன்று இருந்தது.

விலாசம் முதல் பக்கத்திலேயே இருந்தது. குறித்துப் பொன்னனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, நோட்டை மூடப்போனவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அண்ணனின் குண்டு குண்டு எழுத்து.

'மார்ச் 3. காலை 9.40. 210 அடி. விசிறி ஓடியது. சூடு காரணமில்லை.'

'மார்ச் 9. மதியம் 1.05. 88 அடி. வேறு அடாப்டர். அதுவும் காரணமில்லை.'

'மார்ச் 17. காலை 7.20, 10.15, மாலை 4.30. டி.வி. காரணமில்லை.'

பக்கம் பக்கமாக இப்படியே. வரிசையாக ஒவ்வொன்றையும் சோதித்து, அடித்துக்கொண்டே போயிருந்தார். மில்லில் மோட்டார் எரிந்தால் இப்படித்தான் குறித்து வைப்பாராம். செங்கோடன் வேகமாகப் புரட்டினான்.

'மார்ச் 21. ஸ்டெபிலைசரில் செருகினேன். அது டக்கென்று மாறும் நேரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆக, கரண்ட் இறங்குகிறது. இந்த வீட்டுக்குள் இல்லை. வெளியே.'

'மார்ச் 24. தம்பியிடம் கேட்டேன்.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

செங்கோடனுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. மறக்கக்கூடிய நாளா? காட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தவனை அண்ணன் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"ஏன்டா செங்கோடா, நேத்து பத்தேகாலுக்கு மோட்டாரு போட்டயா?"

அந்தப் பக்கத்தில் கிணறு பொதுவாக இருக்கிற பங்காளிகளுக்குள் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. யார் முறையில் யார் தண்ணீர் இறைத்தது என்பதுதான். வடக்குத் தோட்டத்து அண்ணன் தம்பிகள் இதே கேள்வியில் ஆரம்பித்து இப்போது சங்ககிரி கோர்ட்டில் நிற்கிறார்கள். செங்கோடன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"போட்டன். ஏன், உன்ற பங்குத் தண்ணியையும் நானே எறைச்சுக்கிட்டன்னு நோட்டுல எழுதி வெக்கறயா?"

"அதுக்கில்லடா சாமி..."

"பின்ன எதுக்கு? ரெண்டு வருசமா உன்ற கரும்புக்கும் நாந்தான் தண்ணி கட்டறன். கட்டல்ல படுத்துட்டு எனக்கு மணி பாக்கறயாக்கும்."

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். கோபப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோட்டையும் மூடினார். அதற்கப்புறம் ஐம்பது நாளில் ஒருதரம்கூட மோட்டார் பேச்சை எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் செங்கோடன் நினைத்திருந்தான்.

கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்குப் போனான். இன்றைய தேதி.

'மே 14. காலை 7.30. தானாக ஓடும்படி மாற்றி விட்டிருக்கிறேன். அடிக்கு ஒரு நிமிஷம். 500 அடி, 3.50-க்கு முடியும். தம்பியும் பூவாத்தாளும் இன்று ஊரில் இல்லை.'

கடைசி வரியை இரண்டு தடவை படித்தான்.

மூணு பேஸ் கரண்ட் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வந்தால் அதிகம். மீதி நேரம் இரண்டு பேஸ்தான். கண்டன்சர் மாட்டி அந்த இரண்டு பேஸில் மோட்டாரை இழுக்க வைப்பது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதான். இழுக்கும்போது வீட்டு பல்பு மங்கும். பட்டப்பகலில் அதை யார் பார்த்தார்கள்? அதுவும் இந்தக் கோடையில் அந்தக் கரண்ட் லைனில் தண்ணீர் இருந்த கிணறு இவர்களுடையது ஒன்றுதான். அதிலும் ஊறி வர வரத்தான் இறைக்க முடியும். காலையில் கால் மணி நேரம், பத்து மணிக்குக் கால் மணி நேரம், மதியம் ஒருதரம். நேரம் காலம் கிடையாது. ஓடிப்போய் ஸ்டார்ட்டரைத் தட்டுவான். கரும்பு ஒரு பாத்தி நனையும். அதே நிமிஷத்தில் இங்கே திரை துள்ளியிருக்கிறது.

இன்று காலையில் விடைபெற வந்தபோது அண்ணன் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேருமா போறீங்க என்று கேட்டார். எப்போது திரும்புவாய் என்று கேட்டார். பொழுது விழுந்துவிடும் என்றதும், "செரி, நிதானமா இருந்துட்டு வாங்க" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம். நம்மைத் தொலைத்துத் தலைமுழுகியதுபோல இவ்வளவு சந்தோஷமா என்று பஸ் ஸ்டாண்டு வரை செங்கோடன் பூவாத்தாளிடம் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்து. கணக்குப் போட்டான். இருநூற்று இருபது அடி.

டி.வி.யை யாரோ அணைத்து மேலே துண்டு போட்டிருந்தார்கள். பெட்டி மட்டும் யாருக்கும் காட்டாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தான். திரும்பியபோது நங்கை அவனையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவன் பார்த்ததும் அவள் கண்ணை எடுத்து அண்ணனின் காலடியில் வைத்தாள்.

பின்வாசல் வழியாக நேராக மோட்டார் ரூமுக்குப் போனான். பலகையில் வரிசையாக மூன்று பீஸ் கேரியர்கள் இருந்தன. வெள்ளைப் பீங்கான். நடுவில் இருந்ததைப் பிடுங்கி இடுப்பில், வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டான். இனி யார் வந்து ஸ்டார்ட்டரைத் தட்டினாலும் மோட்டார் ஓடாது. வெளியே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தான். காலையிலிருந்து இறைக்காததால் தண்ணீர் இரண்டு ஆள் மட்டத்துக்கு ஏறி, அசையாமல் கிடந்தது. அவ்வளவு தண்ணீரை அதில் அவன் பார்த்துப் பல மாதம் ஆகிறது.

பன்னிரண்டு மணிக்குக் குளிப்பாட்ட எடுத்தார்கள். மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் பிடி என்றார் மாமன். நேற்றுப் பிடித்தது தொட்டி நிறைய இருக்கிறது என்றான் செங்கோடன். அதிலிருந்து மொண்டு குடம் குடமாகக் கொடுத்தான். அண்ணனின் வலது ஆள்காட்டி விரல் நுனி மட்டும் தட்டையாக, தோல் மினுங்கிப்போய் இருந்தது. மாமன் தோளை இடித்த பிறகுதான் அடுத்த குடத்தைச் சாய்த்தான்.

ஒரு மணிக்கு எடுக்க வேண்டியது ஒன்றே முக்காலுக்குத்தான் முடிந்தது. மில்காரர்கள் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அதில் ஒருவர், பெட்டியைக் கொடுத்தவர், உள்ளே வந்து மேஜையைப் பார்த்தார். தான் கொடுத்த சாமான் அது என்பதை யாருக்கும் சொல்லாமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டியைச் செங்கோடன் தூக்கினான். வெறும் மேல், ஒற்றை வேட்டி, இடுப்பில் பீங்கான் அழுத்தியது. தார் ரோட்டில் கால் பொசுங்கியது. எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். அவனுக்கும் வேகமாக நடக்க முடியவில்லை. வாழ்க்கை முழுக்க இந்த ரோட்டிலேயே நடந்துகொண்டிருப்பதுபோல இருந்தது.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். பாதி வழியில் பக்கத்தில் வந்த பொன்னனிடம் மணி கேட்டான்.

"மூணே கால் ஆவுதுங்க. ஏனுங்க?"

"சும்மாதான்."

கொள்ளி வைத்தவன் மணி கேட்கிறான் என்று பொன்னன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது மூன்று இருபத்தைந்து. சுடுகாடு போய் வந்தவர்கள் இறந்தவர் வீட்டுக் கிணற்றில் முழுகிவிட்டு, ஈரத்தோடு வந்து அவர் படுத்திருந்த இடத்தில் ஏற்றியிருக்கிற விளக்கைக் கும்பிட்டால்தான் கலைந்து போகலாம். முப்பது பேருக்குக் குறையாது. தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. குளிப்பாட்டியதிலும் வாசல் கழுவியதிலும் தீர்ந்துவிட்டது. ஆம்பளைகள் எல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மோட்டார்க் குழாய்க்கு முன்னால் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"மோட்டாரப் போடுடா செங்கோடா" என்றார் மாமன்.

நானூற்று எழுபத்தைந்து என்று மனசுக்குள் ஓடியது செங்கோடனுக்கு. இருபத்தைந்து நிமிஷம்.

"பீஸ் போயிருச்சுங்க மாமா."

"போனாக் கம்பி வெச்சுக் கட்டு. எலக்ட்ரீசியன் பொறந்த ஊட்டுல பீஸ் கட்டத் தெரியாதா?"

"கேரியரே ஒடைஞ்சு போச்சுங்க."

பொன்னன் தோட்டத்துக்குப் போய்க் குளிக்கலாமா என்றார் ஒருவர். அவன் கிணற்றில் தவளை குளிக்கவும் தண்ணீர் இல்லை என்றார் இன்னொருவர். மில்காரர்களுக்கு ஷிப்டு இருந்தது. வேன் டிரைவர் ரோட்டிலிருந்து இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டான்.

செங்கோடன் கிணற்று மேட்டுக்குப் போனான். குடிதண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் ஒரு உருளை போட்டிருந்தது. கயிற்றை அவிழ்த்து வாளியை விட்டான். உருளை கிறீச்சிட்டது. தண்ணீரில் வாளி விழுந்து முழுகுகிற சத்தம் வெகு கீழே இருந்து வந்தது. இழுத்தான்.

"வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்றான்.

முப்பது பேருக்கும் இப்படிச் சேந்தி ஊற்றப் பொழுது விடிந்துவிடும் என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். அண்ணன் போன துக்கத்தில் ஒருமாதிரி ஆகிவிட்டான், விடுங்கள் என்று இன்னொருவர் அடங்கிய குரலில் சொன்னார். செங்கோடன் காதில் எல்லாமே விழுந்தது. மில்காரர்களை முதலில் வரச் சொன்னான். ஆளுக்கு இரண்டு வாளி. ஊற்றினான், விட்டான், இழுத்தான். நாலாவது ஆளிலேயே முழங்கை கடுத்தது. எட்டாவது ஆளில் உள்ளங்கைத் தோல் வழன்றது. கயிறு ஈரமாகி வழுக்கியது. கால் மாற்றி வைத்து நின்றான். வீட்டுக்குள் ஒரு அடி இறங்குவதற்குள் இங்கே இரண்டு வாளி ஏறியது.

பெட்டியைக் கொடுத்த மில்காரர் குனிந்து தலையைக் காட்டினார். தண்ணீர் விழுந்து முடிந்ததும், முகத்தைத் துடைத்தபடி, "அந்த வெளையாட்டு ரெடியாயிருச்சுன்னு போன மாசம் காயிதம் போட்டிருந்தாருங்க" என்றார். "முழுசா ஓடினதும் சொல்றேன், வந்து பாருங்கன்னு எழுதியிருந்தாரு."

செங்கோடன் அடுத்த வாளியை விட்டான்.

மாமன் முறை வந்தது. சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தவர், அவன் இழுக்கும்போது இடுப்பைப் பார்த்தார். நனைந்த வேட்டி ஒட்டியிருந்தது. மடிப்புக்குள் செவ்வகமாகப் புடைத்து, வெள்ளையாக ஒரு முனை வெளியே தெரிந்தது. மாமனும் கிணறும் தோட்டமும் உள்ளவர்தான். அந்தச் சாமானைத் தெரியாதவரில்லை.

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பின்னால் காத்திருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஏதோ பெரிதாகச் சத்தம் போடப்போகிறார் என்று செங்கோடன் கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் தள்ளி நில்லுடா" என்றார் மாமன். "நானும் ஒரு கை புடிக்கறன்."

அறுபத்தெட்டு வயது மனிதர் கயிற்றின் வாலைப் பிடித்தார். பலம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் வாளி கொஞ்சம் சுலபமாக ஏறியது. உருளை கிறீச்சிட்டது. ஆட்கள் வந்தார்கள், குனிந்தார்கள், ஈரத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தார்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் பாக்கி. சூரியன் மேற்கே தென்னை மட்டத்துக்கு வந்திருந்தது. எத்தனை மணி என்று யாரையும் கேட்கச் செங்கோடனுக்குத் தைரியம் இல்லை. கரண்ட் போயிருந்தால்? யாராவது தெரியாமல் அந்தப் பிளக்கைத் தட்டியிருந்தால்? பிள்ளைகள் யாராவது பொத்தானை அமுக்கியிருந்தால்? இதையெல்லாம் கேட்கக்கூடிய ஒரே ஆள் காலையிலிருந்து அந்தப் பிளக்கைத் தவிர வேறு பேச்சே பேசாத ஆள்.

கயிறு கையில் பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தான். இரத்தம். வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வாளியை விட்டான்.

அது நிறைந்து பாதிக் கிணறு ஏறிய நேரத்தில், மாமன் கயிற்றிலிருந்து கையை எடுத்து, "உன்ற நங்கைடா" என்றார்.

பின்வாசல் நிலைப்படியில் சௌந்திரம் நின்றிருந்தாள். இழவு வீட்டுப் பெண் ஆம்பளைகள் குளிக்கிற பக்கம் வருவது வழக்கமில்லை. பூவாத்தாள் பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் போகவில்லை. அவளுக்குப் பின்னால், இருட்டான அறையில், தரையில் வைத்த விளக்குச் சுடரும், அதற்கு மேலே மேஜையில் டி.வி.யின் வெளிச்சமும் தெரிந்தன. துண்டை எடுத்திருந்தாள். திரையில் கோடு எதுவும் இல்லை. அடியிலிருந்து மேல் வரை முழுக்க வெள்ளையாக, விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

குளிக்க நின்றவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை.

"ஐநூறு ஆயிருச்சுங்க, கொழுந்தனாரே" என்றாள். "இனி மோட்டாரப் போட்டுக்கங்க."

சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போனாள். பூவாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிலைப்படியிலேயே நின்று புருஷனைப் பார்த்தாள்.

செங்கோடன் தலையை ஆட்டினான். வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நிதானமாக மேலே இழுத்துத் ததும்பாமல் கல்லின்மேல் இறக்கி வைத்தான். இடுப்பிலிருந்து பீஸ் கேரியரை எடுத்தான். பீங்கான் அவன் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதோடு மோட்டார் ரூமைப் பார்த்து நாலு எட்டு நடந்தான்.

நின்றான். திரும்பி வந்து, கேரியரை மாமன் கையில் கொடுத்துவிட்டு, கல்லின்மேல் இருந்த அந்த ஒரு வாளியை எடுத்துத் தன் தலையில் ஊற்றிக்கொண்டான்.